கரண்ட் போன ராத்திரியில் அப்பா வந்தார்: கனவு ஏன் வருகிறது?

#1 பசுன்டாங்வாசி (இரவு 2.31)

தூக்கம் போய்விட்டது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

இங்கே ரங்கூனில் இரண்டு மாதமாக எனக்குக் கனவு வராத நாளே இல்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்று நினைவில் நின்றால் பெரிது. இப்போது தினமும் ஒரு படம் ஓடுகிறது. பாதிக்கு மேல் அப்பாதான் வருகிறார். அவர் தவறி 6 வருடம் ஆகிறது.

இன்று வந்தது இது. எங்கள் பழைய வீட்டு மரப்படி. அப்பா கட்டம் போட்ட லோஞ்சியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் நிற்கிறார், கையில் நீல பிளாஸ்க். "தண்ணி வந்துருச்சாடா?" என்று கேட்கிறார். நான் "மலாதேபூ" என்கிறேன். இன்னும் வரவில்லை என்று பர்மியத்தில். அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கிறார், நான் மறுபடி அதையே சொல்கிறேன். என் வாயில் தமிழ் வரவே மாட்டேன் என்கிறது. அவர் முகம் வாடிப் போகிறது. விழித்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அப்பா என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகப் பர்மியம் பேசுவார். கடைக்கு வரும் பர்மாக்காரர்கள் போனில் பேசினால் இவர் தமிழர் என்றே நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குக் கனவில் மட்டும் ஏன் புரியவில்லை?

திதி சரியாகக் கொடுக்கவில்லை, அதனால்தான் தண்ணீர் கேட்கிறார் என்கிறாள் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வேறு எப்படித் தோன்றுகிறது என்றும் சொல்லத் தெரியவில்லை. கனவு ஏன் வருகிறது, அதற்கு ஏதாவது பொருள் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஹ்னலோன் ராஜா (காலை 6.05)

அண்ணே, எத்தனையாவது படி? மொத்தம் எத்தனை படி? பிளாஸ்க்கில் ஏதாவது எண் இருந்ததா? மதியம் 12 மணிக்குள் சொன்னால் நல்லது.

#3 தட்டோன் பெரியவர் (காலை 6.40)

தம்பி, ராஜா பேச்சைக் கேட்காதீர்கள். அவர் ஹ்னலோன் என்கிற இரண்டு இலக்க லாட்டரிக்கு எண் தேடுகிறார்.

எங்கள் ஐயா கனவுக்கு நேரக் கணக்கு வைத்திருந்தார். பழைய கனாநூல் செய்யுள் ஒன்று அவருக்கு மனப்பாடம். ராத்திரியை நான்கு சாமமாகப் பிரித்தால் முதல் சாமத்துக் கனவு ஒரு வருடத்தில் பலிக்கும், இரண்டாம் சாமம் 8 மாதத்தில், மூன்றாம் சாமம் 3 மாதத்தில், கடைச் சாமம் 10 நாளைக்குள். உங்களுடையது மூன்றாம் சாமம்.

செத்தவர்கள் வந்து எதையாவது கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அமாவாசையில் ஒரு செம்புத் தண்ணீரும் அவருக்குப் பிடித்த பலகாரமும் வைத்துக் கும்பிடுங்கள், செலவு ஒன்றும் இல்லை. கெட்ட கனவாக இருந்தால் எங்கள் அம்மா கிணற்றடிக்குப் போய் வாளித் தண்ணீரைப் பார்த்து மெதுவாகச் சொல்லிவிட்டு அதை வாழைக்கு ஊற்றிவிடுவாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

#4 சும்மா சொல்றேன் (காலை 7.15)

2025இல் இருக்கிறோம் ஐயா. கனவு என்பது மூளையின் குப்பை. காலையில் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

#5 நைட் டூட்டி அக்கா (காலை 8.20)

ராத்திரி வேலை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பசுன்டாங் தம்பி, ஒன்று கேட்கிறேன். உங்கள் பக்கம் கரண்ட் எத்தனை மணிக்குப் போகிறது?

#6 பசுன்டாங்வாசி (காலை 8.34)

ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குப் போய் 6 மணிக்கு வரும். மறுநாள் 10 மணிக்குப் போய் 2 மணிக்கு வரும். போகிற நாளில் விசிறி நின்றதும் முதுகு நனைந்து எழுந்துவிடுவேன். வருகிற நாளில் எழுந்து மோட்டார் போட வேண்டும். இரண்டு வகையிலும் தூக்கம் காலி. இரண்டு மாதமாக இதே கதைதான். ஏன் அக்கா?

#7 நைட் டூட்டி அக்கா (காலை 8.58)

நினைத்தேன். உங்களுக்குக் கனவு அதிகமாக வரவில்லை தம்பி, அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி என்ற மாணவரும் கிளைட்மன் என்ற அவருடைய பேராசிரியரும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண் சில நேரம் வேகமாக அங்கும் இங்கும் ஓடுகிறது. அசெரின்ஸ்கி தன் 8 வயது மகனையே கருவியில் மாட்டிப் பார்த்தாராம். அப்படிக் கண் ஓடும்போது ஆட்களை எழுப்பிக் கேட்டார்கள். 27 தடவை எழுப்பியதில் 20 தடவை விவரமான கனவு சொன்னார்கள். அந்தக் கட்டத்துக்கு ரெம் உறக்கம் என்று பெயர். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும், ஒரு ராத்திரியில் நாலைந்து முறை. நம் தூக்கத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு அது. பிறந்த குழந்தைக்குப் பாதித் தூக்கமே அதுதான்.

ஆக எல்லாருக்கும் தினமும் கனவு ஓடுகிறது. ஆனால் அதன் நடுவிலோ முடிந்த கையோடோ விழித்தால்தான் கையில் நிற்கும். தொடர்ந்து தூங்கிவிட்டால் போயே போச்சு. 11 மணிக்குப் படுக்கிறவருக்கு 2 மணி சுமாருக்கு இரண்டாவது ரெம் நடந்துகொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து உங்கள் விசிறி நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கட்டத்தில் உடம்பு தன் சூட்டைச் சரிசெய்யும் வேலையைக் கிட்டத்தட்ட விட்டுவிடுகிறது. வியர்த்துக் குளிர்வித்துக்கொள்வது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்வது இரண்டும் மந்தம். அதனால் அறை சூடானால் அந்தத் தூக்கம்தான் முதலில் உடையும். ஏப்ரல் மாதத்து ரங்கூனில் விசிறி இல்லாமல் படுத்தால் கனவு அறுந்து கையில் விழாமல் என்ன செய்யும்?

தட்டோன் ஐயா, உங்கள் ஐயாவின் கணக்கும் வீண் இல்லை. ராத்திரியின் முதல் ரெம் பத்து நிமிடம் இருந்தால் பெரிது. விடிய விடிய நீளும், கடைசியில் வருவது அரை மணிக்கு மேலும் போகும். விடியற்காலைக் கனவு நீளமாகவும் தெளிவாகவும் இருக்கும், உடனே எழுந்தும்விடுவோம். அதனால் அதற்குத்தான் மதிப்பு அதிகம். பத்து நாளில் பலிக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

#8 தட்டோன் பெரியவர் (காலை 9.30)

பெண் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. விடியக்காலைக் கனவு பலிக்கும் என்றவர்கள் கையில் கருவி இல்லாமலே எதையோ கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் அம்மா, எப்போது தெரிகிறது என்று சொன்னீர்கள். ஏன் வருகிறது என்று சொல்லவில்லையே. தம்பி கேட்டது அதைத்தானே?

#9 நைட் டூட்டி அக்கா (காலை 9.41)

பிடித்துவிட்டீர்கள் ஐயா. தூங்கி எழுந்து வந்து எழுதுகிறேன்.

#10 ஹ்னலோன் ராஜா (காலை 10.02)

அண்ணன் எழுதிய நேரம் 2.31. நான் 31 வைக்கப் போகிறேன். அப்பா காப்பாற்றுவார்.

#11 இன்செயின் மருமகள் (காலை 11.20)

நான் பர்மியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் பல் விழுவதுபோல் கனவு கண்டு அழுதேன். பல் விழுந்தால் வீட்டில் சாவு என்று அம்மா சொல்லி வளர்த்த பயம். மாமியார் என்னைப் பக்கத்து மடத்துப் பொங்கியிடம், அதாவது புத்த பிக்குவிடம், அழைத்துப் போனார். அவர் சிரித்துவிட்டு, கனவு வர நான்கு காரணம் என்றார். உடம்பின் தாதுக்கள் கலங்குவது, முன்பு கண்டது கேட்டது திரும்பி வருவது, தேவர்கள் காட்டுவது, நடக்கப்போவதன் முன்னறிகுறி. பிறகு, "முதல் இரண்டும் தினமும் நடக்கும். மற்ற இரண்டையும் எதிர்பார்த்துக்கொண்டு உட்காராதே. நேற்று என்ன சாப்பிட்டாய்?" என்றார். நான் சாப்பிட்டது ஊறுகாய்த் தேயிலை. அதுவும் ராத்திரி பத்து மணிக்கு, ஒரு தட்டு.

இங்கே பகோடாச் சுவர்களில் கோசல ராஜாவின் 16 கனவுகளை வரைந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ராஜா பயந்து நடுங்கியபோது, பெரிய யாகம் செய்ய வேண்டும், ஆடுமாடு பலி கொடுக்க வேண்டும் என்று பிராமணர்கள் சொன்னார்கள். ராணி மல்லிகா குறுக்கே புகுந்து புத்தரிடம் கேட்கச் சொன்னாள். இதெல்லாம் வரப்போகும் காலத்தைப் பற்றியவை, உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார் அவர். எனக்கு அந்தக் கதையில் பிடித்தவள் மல்லிகாதான். யாகச் செலவு மிச்சம்.

#12 மௌலமைன் பாய் (மதியம் 1.10)

எங்களுக்கு வேறு மாதிரி. கெட்ட கனவு கண்டால் இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பி, அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, புரண்டு படுக்க வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது. தட்டோன் ஐயாவின் அம்மா தண்ணீரிடமாவது சொன்னார், எங்களுக்கு அதுவும் கிடையாது.

நர்ஸ் அக்காவிடம் ஒரு சந்தேகம். எங்கள் மாமாவுக்கு வயது 63. ஒரு வருடமாகத் தூக்கத்தில் கத்துகிறார், காலால் உதைக்கிறார். போன வாரம் மாமி மேல் கை பட்டு உதடு வீங்கிவிட்டது. எழுப்பினால் யாரோ தன்னைத் துரத்தியதாகவும், தான் அடித்ததாகவும் சொல்கிறார். பகலில் தங்கமான மனுஷன். ஜின் வேலை என்று ஓதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

#13 நைட் டூட்டி அக்கா (மாலை 4.45)

பாய், உங்களுக்கு முதலில். ஓதுவதைத் தாராளமாக ஓதுங்கள், ஆனால் நரம்பு டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கனவு ஓடும்போது மூளைத்தண்டு நம் கைகால் தசைகளைக் கட்டிப்போட்டுவிடும். கண்ணும் மூச்சும்தான் வேலை செய்யும். பிரான்சில் லியோன் நகரத்து ஜுவே என்ற ஆய்வாளர், பூனைகளின் மூளைத்தண்டில் அந்தக் கட்டை அவிழ்க்கும்படி சிறு காயம் செய்து பார்த்தார். பூனை தூங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத எலியைத் துரத்தியது. மனிதர்களுக்கு அந்தக் கட்டு அவிழ்வதை நோயாக 1986இல் அமெரிக்காவில் விவரித்தார்கள். பெரும்பாலும் 50 தாண்டிய ஆண்களுக்கு வருகிறது. பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் நோய் வருவதற்கு இது முன் அடையாளமாக இருக்கிறது. அதனால்தான் டாக்டர் என்கிறேன். அதுவரை மாமி வேறு கட்டிலில் படுக்கட்டும், மேசை விளக்கு, கண்ணாடிச் சாமான் எதையும் மாமா பக்கத்தில் வைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. கனவு முடிந்து விழித்த பிறகும் கட்டு அவிழாமல் இருந்தால் கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது அதுதான். ஓரிரு நிமிடத்தில் போய்விடும்.

இப்போது ஐயாவின் கேள்வி. ஏன் வருகிறது? இதில் ஒரே கட்சி கிடையாது. ஃபிராய்டு, உள்ளே அடக்கிவைத்த ஆசை வேஷம் போட்டு வருகிறது என்றார். 1977இல் ஹார்வர்டில் ஹாப்சன், மெக்கார்லி இருவரும், ஆசையும் இல்லை வேஷமும் இல்லை, மூளைத்தண்டு கன்னாபின்னாவென்று அனுப்பும் சைகைகளை மேல்மூளை ஒரு கதையாகக் கோக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். 'சும்மா சொல்றேன்' தம்பியின் கட்சி இது. பிறகு மார்க் சோம்ஸ் என்பவர் மூளைக் காயம் பட்டவர்களைப் பார்த்தார். மூளைத்தண்டு நன்றாக இருந்தும் சிலருக்குக் கனவே நின்றுபோயிருந்தது. அடிபட்டிருந்தது, ஆசையும் ஆர்வமும் எழும் முன்மூளைப் பாதை. ரெம் இல்லாத நேரத்திலும் கனவு வருவது தெரிந்தது. ஆக வெறும் குப்பை என்று சொல்லி முடித்துவிட முடியவில்லை. பின்லாந்துக்காரர் ரெவொன்சுவோ 2000இல், கனவு என்பது ஆபத்துக்கான ஒத்திகை என்றார். துரத்தல், விழுதல், தப்பித்தல் எல்லாம் அதனால்தான் இவ்வளவு வருகிறதாம்.

எனக்கு எது சரியென்று படுகிறது என்றால், ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கத் தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன். அவரவர் எதைச் சுமந்துகொண்டு படுக்கிறார்களோ அதுதான் வாயில் வருகிறது. வியாபாரி விலை சொல்கிறார், டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். பாம்புக்கு இது பொருள், பல்லுக்கு இது பொருள் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு அகராதி போட முடியும் என்று நான் நம்பவில்லை.

#14 ஹ்னலோன் ராஜா (மாலை 5.02)

மாலை 4.30க்கு 13 விழுந்தது. நான் வைத்தது 31. திருப்பி வைத்திருந்தால்! அப்பா சரியாகத்தான் கொடுத்தார், நான்தான் தலைகீழாகப் படித்துவிட்டேன்.

#15 நைட் டூட்டி அக்கா (மாலை 5.10)

ராஜா தம்பி, தாய்லாந்துப் பங்குச் சந்தையின் கடைசி இலக்கத்துக்கும் பசுன்டாங்கில் இறந்துபோன ஒருவருக்கும் என்ன சம்பந்தம்? 00 முதல் 99 வரை நூறு எண். உங்கள் தெருவில் எத்தனை மடங்கு கொடுக்கிறார்கள்?

#16 ஹ்னலோன் ராஜா (மாலை 5.13)

80 அக்கா.

#17 நைட் டூட்டி அக்கா (மாலை 5.16)

நூறு தடவை ஆயிரம் ஆயிரமாக வைத்தால் ஒரு லட்சம் போகும், சராசரியாக ஒரு முறை ஜெயித்து 80 ஆயிரம் வரும். மீதி 20 ஆயிரத்தை யாருடைய கனவு தின்கிறது? கனவு பார்த்து வைத்துத் தோற்றவன் எவனாவது டீக்கடையில் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஜெயித்தவன் கதைதான் பத்து வருடம் ஓடும்.

#18 தட்டோன் பெரியவர் (மாலை 6.20)

இந்த நாட்டில் ராஜாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றுவிட்டு 45, 90 என்று அச்சடித்தார்களே, ஒன்பதால் வகுபட வேண்டுமென்று. மேலிடத்தில் இருந்தவர்களுக்கே எண் பைத்தியம். என் மகளுக்குச் சேர்த்து வைத்திருந்த நகைப் பணம் 75 கியாட் நோட்டாக அலமாரியில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் எனக்கு ஒரே கனவுதான். நோட்டை எண்ணிக்கொண்டே இருப்பேன், எண்ணி முடியாது.

இருந்தாலும் ராமானுஜத்தை என்ன சொல்வீர்கள் அம்மா? நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குக் காட்டியதாக அவரே சொன்னார். கடல் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த அவருடைய அம்மாவும் கனவில் நாமகிரித் தாயார் உத்தரவு கொடுத்த பிறகுதான் சம்மதித்தார்கள். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அதுவும் சுமையா?

#19 நைட் டூட்டி அக்கா (மாலை 7.05)

சுமைதான் ஐயா, நல்ல சுமை. பகலெல்லாம் சிலேட்டில் கணக்கே போட்டவருக்குக் கணக்குதான் வந்தது. எனக்கு வந்ததா? நாமக்கல் தாயாரைக் கும்பிட்ட குடும்பத்துக்குத் தாயார்தான் வந்து கொடுத்தார். அந்த அம்மாவும், மகனை அனுப்புவதா வேண்டாமா என்று எத்தனை நாள் உள்ளுக்குள் மல்லாடியிருப்பார்! கனவு ஒரு வழி திறந்துவிட்டது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஓட்டோ லோவி என்று ஒரு விஞ்ஞானி. நரம்பு இதயத்துக்குச் செய்தி அனுப்புவது வேதிப்பொருளாலா என்பது அவருடைய பல வருடக் கேள்வி. ஒரு ராத்திரி கனவில் சோதனை முழுவதும் வந்தது. அரைத் தூக்கத்தில் தாளில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை! அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுதவில்லை, நேராகச் சோதனைச்சாலைக்கு ஓடி இரண்டு தவளை இதயங்களை வைத்து முடித்துவிட்டார். 1936இல் நோபல் பரிசு. நம் டாக்டர்களின் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

#20 மாந்தலே மூன்றாம் மாடி (இரவு 9.48)

நான் இங்கே வாசிப்பதோடு சரி. அக்கா எழுதியதைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது.

மார்ச் 28 மதியம் பூகம்பத்தின்போது நான் மூன்றாம் மாடியில் இருந்தேன். இறங்கிவிட்டேன், காயம் இல்லை. அதற்குப் பிறகு வாரத்தில் நாலு நாள் அதே படிக்கட்டு. சுவர் பிளக்கிற சத்தம் அப்படியே கேட்கிறது. இறங்க இறங்க இன்னொரு மாடி வருகிறது. கீழே போய்ச் சேருவதற்குள் விழிப்பு. பக்கத்தில் கட்டில் ஆடினால் போதும், மகன் திரும்பிப் படுத்தால்கூட எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். இதுவும் சுமைதானா? எப்போது இறங்கும்?

#21 தன்பியூசயா பேத்தி (இரவு 10.15)

மாந்தலே அண்ணா, என் தாத்தா மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் ரயில் போடக் கொண்டுவந்த தமிழர். 1943இல் பாதை முடிந்ததும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். எனக்குத் தெரிந்து அவருக்கு 70 வயதுக்கு மேல். அப்போதும் ராத்திரியில் "கொரா! கொரா!" என்று கத்துவார். அது ஜப்பான்காரக் காவலாளி அவர்களை அதட்டும் சொல்லாம். அந்த ஒரு கனவு மட்டும் மாறவே இல்லை, அதே மூங்கில், அதே மழை, அதே அதட்டல் என்பாள் பாட்டி. அவள் எழுப்பிக் காலைத் தடவிக் கொடுத்து, "இது உங்க வீடு, வாசல்ல பலாமரம் நிக்குது பாருங்க" என்பாள். அவர் எழுந்து போய்ப் பலாமரத்தைத் தொட்டுவிட்டு வந்து படுப்பார்.

அவருக்கு அந்தக் காலத்தில் கேட்க ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. அக்கா, ஏதாவது வழி உண்டா?

#22 நைட் டூட்டி அக்கா (இரவு 10.50)

பேத்தி, உன் பாட்டி செய்தது பெரிய வைத்தியம்.

மாந்தலே தம்பி, சாதாரணக் கனவு ஒவ்வொரு நாளும் கலைத்துப் போட்டு வேறாக வரும். அதிர்ச்சி பட்டவர்களுக்கு மட்டும் அந்தச் சம்பவமே திரும்பத் திரும்ப வரும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு, மருந்து இல்லை. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவைத் தாளில் எழுதுங்கள். முடிவை மட்டும் உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுங்கள். எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. புதிய கனவை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பழையதை ஓட்டக் கூடாது. நிறையப் பேருக்கு அடிக்கடி வருவது குறைகிறது. குறையாவிட்டால், பகலிலும் அந்தக் காட்சி வந்து வேலையைக் கெடுத்தால், மனநல டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் எல்லாருக்கும் ஒன்று. மாத்திரையையும் ஒருமுறை பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், மலேரியாவுக்குக் கொடுக்கும் மெஃப்ளோகுயின் போன்றவை சிலருக்குப் பயங்கரக் கனவு தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சாராயம் முதலில் கனவை அமுக்கும், விடியக்காலையில் வட்டியோடு திருப்பித் தரும். அது யாருக்கு என்று நான் சொல்லவில்லை.

#23 ஹ்னலோன் ராஜா (இரவு 10.55)

புரிந்தது அக்கா.

#24 தன்பியூசயா பேத்தி (இரவு 11.05)

பசுன்டாங் அண்ணா, நீங்கள் ஆரம்பித்துவிட்டுக் காணாமல் போய்விட்டீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் உங்களுக்கு எந்த மொழியில் பதில் சொல்கிறார்கள்?

#25 பசுன்டாங்வாசி (இரண்டு நாள் கழித்து, காலை 7.30)

பேத்தி, அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத இரண்டு நாள் ஆனது.

எனக்கு ஒரு மகன், 14 வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் பர்மியத்தில் சொல்வான். புரியும், பேச மாட்டான். கோடை விடுமுறையில் கோயில் வகுப்புக்கு இரண்டு வருடம் அனுப்பினேன், பிறகு அவனுக்கு டியூஷன் வந்தது, எனக்குக் கடை வந்தது. எங்கள் அப்பா காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை, அவர் சிலேட்டில் எழுதிக் கொடுத்ததுதான். கனவில் படியில் நின்றது அப்பா, மேலே நின்று பர்மியத்தில் பதில் சொன்னது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று யோசித்தால் அந்த வாடிப்போன முகம் கண்ணாடியில் பார்த்த முகம்.

தண்ணீர் விஷயமும் பிடிபட்டது. பழைய வீட்டில் ராத்திரி கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும், கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அப்பா தூங்காமல் காத்திருப்பார். தெருவில் "மீ லாபி!", கரண்ட் வந்தாச்சு, என்று பிள்ளைகள் கத்தியதும் கீழே ஓடி மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டிப் பக்கத்தில் இருக்கும் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். இத்தனை வருடம் இது எனக்கு ஞாபகமே வரவில்லை. இப்போது நானும் அதே மாதிரி ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கிறேன்.

தட்டோன் ஐயா, அமாவாசைக்கு ஒரு செம்பு தண்ணீர் வைக்கிறோம். மனைவிக்கு நிம்மதி, எனக்கும்தான்.

#26 மௌலமைன் பாய் (காலை 9.15)

மாமாவுக்கு டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டோம். மாமி தனிக் கட்டில். இப்போது அவர் தனியாகக் கத்துகிறார், மாமி அடுத்த அறையிலிருந்து "அடிச்சது போதும், படுங்க" என்கிறார்.

#27 சும்மா சொல்றேன் (காலை 10.40)

குப்பை என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

#28 மாந்தலே மூன்றாம் மாடி (ஒன்பது நாள் கழித்து, காலை 6.20)

அக்கா, எழுதினேன். கடைசிப் படி எங்கள் அம்மா வீட்டு அடுப்படியில் போய் முடிகிற மாதிரி மாற்றினேன். அம்மா மொஹிங்காவுக்கு, அதுதான் நூடுல்ஸோடு சாப்பிடும் மீன் குழம்புக்கு, வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருக்கிறாள். தினமும் மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கிறேன். இந்த வாரம் இரண்டு நாள்தான் வந்தது. அம்மா இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று படிக்கட்டில் மீன் குழம்பு வாசனை அடித்தது.

#29 பசுன்டாங்வாசி (மறுநாள், இரவு 2.19)

இப்போதுதான் கரண்ட் வந்தது. மோட்டார் போட எழுந்தால் மகன் கூடத்தில் போனை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறான். மோட்டாரைப் போட்டுவிட்டு, சும்மா, கீழேயிருந்து "தண்ணி வந்துருச்சாடா?" என்றேன்.

"யே லாபி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து, "வந்தாச்சு" என்றான்.

தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்கிறது. வழிவதற்குள் நிறுத்திவிட்டு வருகிறேன்.